கல்லைத் தொட்ட காகிதம்

என்னைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பே என் கணவர் மோவாப் ராஜாவோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குப் பொடி, புகையிலை எதுவும் கிடையாது, வேதக் கல்லூரியில் நல்ல பேர், குரல் வளம் உண்டு என்றார்கள். எல்லாம் உண்மைதான். ராஜாவை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அந்த ராஜா செத்து இரண்டாயிரத்து எண்ணூறு வருஷம் இருக்கும். யோர்தான் நதிக்குக் கிழக்கே மோவாப் என்று ஒரு தேசம், அதற்கு அவன் ராஜா. வேதத்தில் அவன் ஆட்டு மந்தைக்காரனாக வருகிறான். இஸ்ரவேல் ராஜாவுக்கு ஆட்டுக்குட்டியும் கம்பளியும் கப்பமாகக் கட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாள் இனிமேல் கட்டமாட்டேன் என்றான். இஸ்ரவேலர் படையெடுத்துப் போய் அவன் ஊர்களை இடித்து, கிணறுகளைத் தூர்த்து, மரங்களை வெட்டிப்போட்டுத் திரும்பினார்கள். இது வேதத்தின் பக்கம். அவனும் தன் பக்கத்துக் கதையை ஒரு கறுப்புக் கல்லில் வெட்டி வைத்தான். அதில் ஜெயித்தது அவன். இரண்டு தரப்பும் ஜெயித்த சண்டையை என் கணவர் பெரிய அதிசயமாகச் சொல்வார். எனக்கு அப்படிப் படவில்லை. எங்கள் குடும்பத்தில் பங்காளிச் சண்டைகள் எல்லாமே அந்த வகைதான்.

நாங்கள் இருவரும் திருநெல்வேலிச் சீமை. ஐம்பதுகளின் நடுவில் அவரைச் சபைப் போதகராகக் கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி போகும் பாதையில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றினார்கள். சபை என்றால் பதினைந்து இருபது குடும்பம். மிஷன் ஆரம்பப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை. அதனால் ஊருக்கு நான் டீச்சரம்மா, அவர் பாதிரி ஐயா. என் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் முதல் மாதம் முழுக்கச் சிரித்தார்கள். அவர்கள் யோக்கியதை என்னவென்றால், வீட்டில் தமிழ் பேசுவார்கள், மாங்காயைத் தெலுங்கில் எண்ணுவார்கள், உழவு மாட்டை மட்டும் கன்னடத்தில் அதட்டுவார்கள். மாடு மைசூர்ப் பக்கத்துச் சந்தையில் வாங்கியதாம், அதற்கு வேறு பாஷை தெரியாதாம்.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார மிஷனரி அம்மாள் விட்டுப்போன படவிளக்கு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. கண்ணாடித் தகட்டில் படம். விளக்கை ஏற்றினால் சுவரில் பெரிதாக விழும். அசீரிய ராஜாவின் காலில் இஸ்ரவேல் ராஜா விழுந்து கும்பிடும் படம் ஒன்று, எருசலேமில் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்த சுரங்கம் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே மோவாப் ராஜாவின் கல். ஒரு சாயங்காலம் என் கணவர் பள்ளிக்கூடச் சுவரில் என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த வெள்ளை விரிப்பைக் கட்டி ஊரையே கூப்பிட்டார். பர்கூர்ப் பக்கம் கல் உடைக்கப் போகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கல்லைப் பற்றிய படம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கல்லின் கதையைச் சொல்லும்போது என் கணவர் தன்னை மறந்துவிடுவார். முதலில் அதைக் கண்டவர் ஒரு மிஷனரி. உடனே ஜெர்மன்காரன் கேட்டான், பிரெஞ்சுக்காரன் கேட்டான், துருக்கி அதிகாரி மிரட்டினான். பிரெஞ்சுக்காரன் அனுப்பிய ஆள் ஈரக் காகிதத்தைக் கல்மேல் போட்டு அடித்து எழுத்தைப் படி எடுத்தான். காகிதம் காய்வதற்குள் அடிதடி ஆகிவிட்டது. அவன் அதை ஈரத்தோடு கிழித்து எடுத்துக்கொண்டு குதிரையில் ஓடினான். அந்த ஊர் ஜனங்கள், இத்தனை பேர் கேட்கிறார்கள் என்றால் கல்லுக்குள் ஏதோ இருக்கிறது, நமக்கில்லாதது யாருக்கும் வேண்டாம் என்று கல்லைச் சுற்றித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சி, பச்சைத் தண்ணீரை ஊற்றித் தூள் தூளாக்கினார்கள். துண்டுகளைப் பங்கு போட்டுக்கொண்டு போய்த் தானியக் குதிரில் வைத்தார்கள். பிற்பாடு கிடைத்த துண்டுகளை ஒட்டவைத்தபோது, அந்தக் கிழிந்த காகிதத்தை வைத்துத்தான் மிச்ச எழுத்தை நிரப்பினார்கள். இங்கே என் கணவரின் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து, “வெறகு எவ்ளோ வெச்சாங்க சாமி?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், தண்ணீரை ஒரே பக்கமாக ஊற்றியிருந்தால் தூளாகியிருக்காது, பாளமாக வந்திருக்கும் என்றார். கொஞ்ச நேரம் அதைப் பற்றிப் பேசினார்கள்.

கடைசியாக ஒருவர் எழுந்தார். ஊரில் அவரைப் பெரியவர் என்பார்கள். மாந்தோப்புக்காரர், அண்ணன் தம்பி இருவரில் மூத்தவர்.

“நெலம் என்னுதுன்னு கல்லுல எழுதி வெச்சிட்டா, அது ஆயிடுங்களா?”

“அவன் அப்படித்தான் எழுதினான்,” என்றார் என் கணவர், சந்தோஷமாக. “இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்கும் உலகம் அதை வாசிக்கிது. கல்லுதான் சாட்சி.”

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போதகர் சொல்வதை ஊரில் யாராவது இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்காமலே இருந்திருக்கலாம்.

பெரியவரின் தோப்பில் ஒரு கல் உண்டு. இடுப்பளவு உயரம். வில்லும் குத்துவாளுமாக ஒரு வீரன், பக்கவாட்டில் சரிந்த கொண்டை, காலடியில் இரண்டு மாடு, தலைக்கு மேலே நாலைந்து வரி எழுத்து. எந்தக் காலத்திலோ சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல். அந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட கல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். அந்த வீட்டுக்கு அதுதான் குலசாமி. பிள்ளை பிறந்தால் முதல் முடியை அந்தக் கல்லுக்கு முன்னால்தான் இறக்க வேண்டும்.

அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது அளவுக்கோடு கல்லுக்கு இந்தப் பக்கம் நாலு அடி தள்ளி விழுந்தது. சாமி அண்ணன் பங்குக்குப் போயிற்று. தம்பி கும்பிட வழி விடுவதாகத்தான் பேச்சு. பிறகு ஒரு மாமரத்தின் கிளை வேலி தாண்டிக் காய்த்தது, காய் யாருக்கு என்று சண்டை வந்தது, பெரியவர் வழியில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். மூத்தவன் வழிக்குத்தான் சாமி என்றும் சொல்லிவிட்டார்.

சின்னவர் வாயில்லாப் பூச்சி. அவர் மனைவிதான் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள். அளந்து ஊற்றிவிட்டுக் கொசுறும் ஊற்றுவாள். தண்ணீர் கலக்கவே மாட்டாள். அந்த ஊரில் அவளைப் பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. அவளுடைய முதல் பிள்ளைக்கு முடி இறக்கும் சமயத்தில்தான் வழி அடைபட்டது. முள்ளுக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சிப் பார்த்துவிட்டு, வேறொரு மலைக்கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டது. நான் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள். காய்ச்சல் எதனால் வருகிறது என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் வந்தபோது அவள் இடுப்பில் இரண்டாவது பிள்ளை இருந்தது. ஆண் பிள்ளை, தலை நிறைய முடி. வருஷம் திரும்புவதற்குள் அந்த முடியை வேடியப்பனுக்குக் கொடுத்தாக வேண்டும். பால் ஊற்ற வரும்போதெல்லாம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், சூடு இருக்கிறதா என்று. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். இருந்தாலும் பார்ப்பாள்.

படம் காட்டிய இரண்டாம் நாள் பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்லில் இருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டும் என்றார். மூத்த வாரிசுக்கே பாத்தியம் என்று அதில் எழுதியிருக்கும் என்பது அவர் நம்பிக்கை. என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. கல்லிலிருந்து காகிதத்தில் படி எடுப்பதைப் பற்றி அவர் வருஷக்கணக்காகப் படித்திருக்கிறார், செய்து பார்த்ததில்லை. சென்னையிலிருந்து அதற்கென்று வாங்கி வைத்த காகிதம் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் அதில் இரண்டு தாளை எடுத்து அலமாரித் தட்டில் விரித்தபோது, கல்யாணமான பிறகு முதல்முறையாக என்மேல் கோபித்துக்கொண்டார்.

மறுநாள் தோப்புக்குப் போனோம். வாளியும் தேய்க்கிற பிரஷ்ஷும் என் கையில். பெரியவர் செருப்பைக் கழற்றச் சொன்னார், என் கணவர் கழற்றினார். தரை வழுக்கியதால் கழற்றினேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். கல்மேல் எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் விரல்கடை கனத்துக்கு ஏறியிருந்தது. அது போனால்தான் எழுத்து தெரியும். ஆகவே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தேய்த்து, துடைத்து, மறுபடி ஊற்றி, வெயில் ஏறும்வரை வேடியப்பனைக் குளிப்பாட்டினார். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு பக்தியோடு பார்த்தார்.

“எங்க பூசாரி கூட இப்பிடிப் பண்ணமாட்டாருங்க,” என்றார்.

இந்த விஷயம் சபைக்குத் தெரியாது.

பிறகு காகிதத்தை நனைத்துக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கினார். முதல் காகிதம் வீரனின் மூக்கில் கிழிந்தது. இரண்டாவது நின்றது. ஈரம் உலர்ந்து வரும்போது துணிப் பந்தை மையில் தோய்த்து மேலே ஒற்றினார். மேடு கறுப்பாயிற்று, பள்ளம் வெள்ளையாக நின்றது. உரித்து எடுத்துப் பிடித்தபோது வில், வாள், கொண்டை, மாடு, எழுத்து எல்லாம் அப்படியே இருந்தன. கேலி பேசுவதற்கென்றே நான் கூடப் போயிருந்தேன். பேச்சு வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

“என்னா எழுதியிருக்குதுங்க?” என்றார் பெரியவர்.

என் கணவர் வெகுநேரம் பார்த்தார். எபிரேய எழுத்து அவருக்குத் தெரியும். மோவாப் எழுத்தும் படம் பார்த்துக் கொஞ்சம் பழக்கம். தமிழ்நாட்டுப் பழைய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. “இது ரொம்பப் பழசு. சர்க்காருல இதுக்குன்னே ஆபீஸ் இருக்கு. அனுப்பினா படிச்சுச் சொல்லுவாங்க,” என்றார்.

“சர்க்காருக்கா? இது தமிழுங்களா, கன்னடமுங்களா?”

“அதுவும் அவங்கதான் சொல்லணும். ரெண்டுல எதுவா வேணாலும் இருக்கலாம்.”

நேர்மையான பதில். நேர்மையாலும் கேடு விளையும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அது மொழிவாரியாக மாநிலம் பிரித்துக்கொண்டிருந்த சமயம். ஓசூர் யாருக்கு, எங்கள் பக்கம் யாருக்கு என்று டீக்கடையில் தினமும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் எந்தப் பாஷை பேசுகிறதோ அந்தப் பக்கம் போகும் என்பது பேச்சு. இந்த ஊர் எந்தப் பாஷை பேசுகிறது என்று மாட்டைத்தான் கேட்க வேண்டும். பெரியவர் வீட்டுக்குப் போய் யோசித்தார். நிலம் யாருடையது என்பதற்குக் கல்தான் சாட்சி என்று பாதிரியே சொல்லியிருக்கிறார். கல் கன்னடம் பேசினால் தோப்பு மைசூருக்குப் போய்விடும். தெலுங்கு பேசினால் ஆந்திராவுக்கு. காகிதம் சர்க்காருக்குப் போகப்போகிறது, காகிதத்துக்குப் பின்னால் கல்லை ஏற்றிப்போக லாரி வரும். லாரி வரும்போது கல் அங்கே இருக்கக் கூடாது.

ஒரு கல்வெட்டைப் பார்த்து ஒருவர் இப்படி யோசிக்க, ஒன்று மோவாபில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கள் ஊரில்.

விடிந்தும் விடியாததுமாக மகன்களையும் இரண்டு ஜோடி மாட்டையும் கூட்டிக்கொண்டு போய்க் கல்லில் சங்கிலி பூட்டினார். கல்லைப் பிடுங்கி வைக்கோல் போருக்கடியில் புதைப்பது யோசனை. தரைக்கு மேலே எவ்வளவோ அவ்வளவு கீழேயும் இருக்கும், சுற்றிலும் தோண்டிவிட்டுத்தான் அசைக்க வேண்டும் என்று கல் வேலை செய்கிற யாரும் சொல்லியிருப்பார்கள். ரகசியம் என்பதால் யாரையும் கேட்கவில்லை. மாடுகள் இழுத்தன. வேடியப்பன் இடுப்போடு முறிந்து விழுந்தார்.

சத்தம் கேட்டு ஓடினவர்களில் நாங்களும் உண்டு. பெரியவர் சங்கிலியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். என் கணவர், “மோவாபுலயும் இப்படித்தான் ஆச்சு,” என்றார். துக்கமாகத்தான் சொன்னார். அடியில் ஒரு துளி பெருமை இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

மூளியான சாமிக்குப் பூசை கிடையாது. அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அண்ணனுக்கும் இல்லாமல் தம்பிக்கும் இல்லாமல் சாமி போயிற்று. பெரியவர் துண்டுகளின்மேல் தென்னங்கீற்றைப் போட்டு மூடினார். வெளியே வருவதை விட்டுவிட்டார். அவர் வீட்டுக் கறவை மாடு உதைக்க ஆரம்பித்தது. மாடு உதைக்கிறதுதான், ஆனால் இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துச் சின்னவர் மனைவி பால் ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் போகவில்லை.

“டீச்சரம்மா, ஐயா கிட்ட ஒரு காயிதம் இருக்குதாமே. சாமி முழுசா இருக்கற காயிதம்.”

“இருக்கு.”

“அத எங்களுக்குக் குடுக்கச் சொல்லுங்கம்மா. புள்ளைக்கு முடி எறக்கணும். இன்னும் ஒரு மாசந்தான் இருக்குது.”

உள்ளே இருந்து என் கணவர் வந்தார். முடியாது என்றார். உலகத்தில் இருப்பது அந்த ஒரே படி, அது சர்க்காருக்குப் போக வேண்டும் என்றார். மேலும் அது விக்கிரக ஆராதனை, நான் ஒரு போதகன் என்றார். இரண்டு காரணங்களில் எதை முதலில் சொன்னார் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அவள் அழவில்லை. பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

“ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க,” என்றேன். “மோவாபுல கல்லு ஒடைஞ்சு போச்சு. காயிதத்தைப் பிரெஞ்சுக்காரன் கொண்டுட்டுப் போயிட்டான். துண்டுகளையும் பிறகு கொண்டுட்டுப் போயிட்டான். அந்த ஊர்க்காரங்களுக்கு என்ன மிச்சம்?”

“அவங்கதானே ஒடைச்சாங்க.”

“ஒடைச்சது ஆம்பளைங்க. அங்கயும் யாராவது ஒரு பொம்பளை பிள்ளையைத் தூக்கிட்டு வந்து நின்னுருப்பா. அதை எந்தக் கல்லுலயும் எழுதல.”

அவர் திரும்பி அறைக்குள் போனார். எங்கள் வீட்டில் அது சம்மதத்துக்கு அடையாளம். மறுநாள் முழுவதும் மெல்லிய எண்ணெய்க் காகிதத்தைப் படியின்மேல் வைத்து, வரிவரியாக, கொண்டை முதல் குளம்பு வரை பென்சிலால் நகல் எழுதினார். கண் சிவந்துவிட்டது. சாயங்காலம் அவள் வந்ததும், அசலை மடியில் வைத்துக்கொண்டு நகலை நீட்டினார். அச்சு அசலாக இருக்கிறது, எழுத்துக்கூடத் தெளிவாக இருக்கிறது என்றார்.

அவள் நகலைத் தொடக்கூட இல்லை. “இது சாமியத் தொடலீங்களே,” என்றாள்.

அந்தப் பக்கத்தில் குலசாமியை விட்டுப் பிரிந்து வேறிடம் போகிறவர்கள் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போவார்கள். போன இடத்தில் அந்த மண்ணை வைத்துக் கோயில் கட்டினால் சாமி அங்கேயும் வந்துவிடும். மண் அங்கே கிடந்த மண்ணாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவள் கணக்குக்கு அந்தக் காகிதமும் பிடிமண். கல்லைத் தொட்டு, கல்லோடு ஒட்டிக் காய்ந்து வந்தது. பென்சிலில் எழுதியது வெறும் படம்.

“அப்ப சர்க்காருக்கு?” என்றார் என் கணவர், யாரிடமும் இல்லாமல்.

“சர்க்காரு என்ன, கும்பிடவா போவுது?” என்றாள் அவள்.

அசல் அவளுக்குப் போயிற்று, நகல் சர்க்காருக்குப் போயிற்று. அங்கிருந்து பதில் வந்தபோது நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். பழைய தமிழ் எழுத்து, பறிபோன மாடுகளை மீட்டுச் செத்த ஒருவனின் கல், பெயர் தெளிவாகத் தெரியவில்லை என்றிருந்தது. நிலம் யாருடையது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை.

காகிதத்தைக் கொடுக்கும்போது என் கணவர் அவளுக்கு விதிமுறைகள் சொன்னார். தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய் தடவக் கூடாது. மஞ்சள், குங்குமம் படக் கூடாது. கற்பூரத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. மழைக்காலத்தில் தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைக்க வேண்டும். அவள் ஒவ்வொன்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டினாள். ஒரு விக்கிரகத்துக்குப் பூசைமுறை வகுத்துக் கொடுத்த போதகர் எங்கள் மிஷனில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முடி இறக்குவது ஒரு புதன்கிழமை காலை. பள்ளிக்கூடத்தின் பழைய கரும்பலகை ஒன்றைக் கொடுத்திருந்தேன். அதில் காகிதத்தை ஒட்டி, சின்னவர் நிலத்தில் முள்ளுக்கு இந்தப் பக்கம் ஒரு மாமரத்தடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். அடியில் ஒரு செங்கல். எண்ணெய், தண்ணீர், மஞ்சள் எல்லாம் செங்கல்லுக்கு. மாலையும் தீபமும் காகிதத்துக்கு. விதி மீறவில்லை. நான் ஓரமாக நின்றேன். என் கணவர் வரக் கூடாது என்பதால் வரவில்லை. கொஞ்ச தூரத்தில் ரோட்டில் குடையோடு நின்றார். ரோடு ஜில்லா போர்டுக்குச் சொந்தம், வேடியப்பனுக்கு இல்லை. கற்பூரம் ஏற்றும்போதெல்லாம் குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தார்.

பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி இறக்க வேண்டும். அவளுக்கு உடன்பிறந்தான் கிடையாது. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் தேன்கனிக்கோட்டையிலிருந்து வருவதாக இருந்தது. பஸ் வந்து போயிற்று, அவர் வரவில்லை. நாவிதர் கத்தியைத் தீட்டி முடித்துவிட்டுச் சும்மா தீட்டிக்கொண்டிருந்தார். சின்னவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் முள்ளுக்கு அந்தப் பக்கம் பெரியவர் நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தார் என்று தெரியாது. கையில் ஒரு தேங்காய். முகச் சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர் போல இல்லை. அவள் முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று கெஞ்சியது அந்த இடத்தில்தான், அதே முள்தான். பக்கம் மட்டும் மாறியிருந்தது. நன்றாக நிற்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் போதகர் மனைவி, அப்படித் தோன்றியிருக்கக் கூடாது. தோன்றியது.

அவளும் பார்த்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மாமா,” என்றாள். அந்தப் பக்கத்தில் கணவனின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் அவரைக் கூப்பிட்டு வருஷங்கள் ஆகியிருக்கும். “புள்ளைய மடியில வெக்க ஆளில்ல. வாங்க.”

பெரியவர் தேங்காயைக் கீழே வைத்தார். முள்ளை ஒவ்வொரு கொம்பாக வெறுங்கையால் இழுத்து ஓரம் தள்ளினார். சின்னவர் முள்ளை வெட்ட அரிவாளோடு ஓடினார், பெரியவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வழி கிடைத்ததும் வந்து காகிதத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விரலெல்லாம் ரத்தம். வேட்டியில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார். அவள் பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். எனக்கு அழுகை வந்தது. ரோட்டைப் பார்த்தேன், என் கணவர் குடையை மடக்கிவிட்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

நாவிதர் தண்ணீர் தொட்டுத் தலையை நனைத்தார். பிள்ளை வீறிட்டது. முதல் முடிக்கற்றை பெரியவரின் மடியில் விழுந்தது. அவர் அதையே பார்த்தார்.

“மொதப் புள்ளைக்கும் நான் வழி உட்டிருக்கணும்மா,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து பிள்ளையின் நெற்றியில் கையை வைத்தாள்.

“காது கிட்டப் பாத்துப் போடுங்க,” என்று நாவிதரிடம் சொன்னாள்.

பெரியவர் பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.